எரிந்த நகரின் பிள்ளைகளும் இரவற் பெயர்களும்: ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ நாவலின் ஈர்ப்பும் குறைகளும்

அமெரிக்க நாவலாசிரியர் ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ 2023 மே மாதத்தில் வெளியாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் ‘அயர்ன் ஃபிளேம்’ என்ற இரண்டாம் நூலும், 2025 சனவரியில் ‘ஆனிக்ஸ் ஸ்டோர்ம்’ என்ற மூன்றாம் நூலும் வந்தன. ஐந்து நூல்களாகத் திட்டமிடப்பட்ட இவ்வரிசையின் மூன்றாம் நூல், வெளியான முதல் வாரத்திலேயே 27 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றதாக அறிவிக்கப்பட்டது. விற்பனை எண் இலக்கிய மதிப்புக்குச் சான்றாகாது. எனினும், வெகுசனப் புனைவைப் புறங்கையால் ஒதுக்காமல், அது எந்தச் சமூகத் தேவையிலிருந்து எழுகின்றது என்று வினவுமாறு கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோரின் தலைமுறை தமிழ்த் திறனாய்வைப் பழக்கியிருக்கின்றது. டொரன்டோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வளரும் தமிழ் இளையோரின் கதை வாசிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றது. அவர்கள் கையிலிருக்கும் நூலைப் பற்றித் தமிழில் பேசுவதற்குத் தமிழ்த் திறனாய்வுக்குச் சொல் இல்லையெனில், அது தன் வாசகரில் ஒரு பகுதியினரை இழந்துவிட்டது என்றே பொருள்.

முதலில் வகைமை பற்றிச் சிறிது கூற வேண்டும். காதற்கதையின் கட்டுமானத்தையும் மிகுபுனைவின் உலகமைப்பையும் சமநிலையில் இணைக்கும் இவ்வகையைப் பதிப்புலகம் ‘ரொமான்டசி’ என்று பெயரிட்டு விற்கின்றது. காதல் மிகுபுனைவு என்று தமிழில் வழங்கலாம். இதன் வாசகர் பதின்பருவத்தினர் அல்லர். பள்ளியை முடித்து, தொழிலுக்கும் குடும்பத்துக்கும் இடைப்பட்ட வெளியில் நிற்கும் இளம் வயதுவந்தோரைக் குறிவைத்து ‘நியூ அடல்ட்’ என்ற சந்தைப் பிரிவு 2009 அளவில் உருவாக்கப்பட்டது. சாரா மாஸின் நாவல்கள் 2015க்குப் பின்னர் அப்பிரிவை மிகுபுனைவுக்குள் கொண்டுவந்தன. யாரோஸ் அதே வழியில் வந்தவர். டிராகன் என்ற விலங்குக்கு யாளி என்ற சொல்லைப் பொருத்தும் முயற்சிகள் ஏற்புடையன அல்ல. யாளி கோயில் தூணில் நிற்பது. சிம்ம முகமும் யானைத் துதிக்கையும் கொண்டது. எவரும் அதன்மேல் ஏறிப் போருக்குப் பறந்ததில்லை. ஆதலால் டிராகன் என்ற சொல்லே இங்கு ஆளப்படுகின்றது.

கதைத்தலைவி வயலட் சோரென்கேல் இருபது வயதினள். நவார் என்னும் நாட்டின் பாஸ்கையத் போர்க்கல்லூரியில் நான்கு பிரிவுகள் உள்ளன: டிராகன் வீரர், காலாட்படையினர், மருத்துவர், சுவடியர். மறைந்த தந்தையைப் போலச் சுவடியர் பிரிவில் சேர்வதற்காகவே அவள் வளர்க்கப்பட்டவள். ஆனால் கல்லூரியின் தலைமைத் தளபதியாகிய தாய் லிலித், அவளை டிராகன் வீரர் பிரிவில் சேருமாறு கட்டாயப்படுத்துகின்றாள். அங்கு முதல்நாளே மழையில் நனைந்த, கைப்பிடியில்லாத ஒரு குறுகிய கற்பாலத்தைக் கடக்க வேண்டும். தவறினால் சாவு. அங்கேயே அவளைக் கொல்லக் காரணமுள்ள ஒருவனும் இருக்கின்றான். ஸேடன் ரியோர்சனின் தந்தை டிரென்டோர் மாகாணத்தின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி மரணதண்டனை பெற்றவர். அத்தண்டனையில் லிலித்துக்குப் பங்குண்டு. அக்கிளர்ச்சிப் போரிலேயே வயலட்டின் தமையன் பிரென்னன் மாண்டதாக நம்பப்படுகின்றது. இருவரும் பகைவரின் பிள்ளைகள். பகை காதலாகும் கதைக்கு வேண்டிய அனைத்தும் முதல் இரண்டு அதிகாரங்களிலேயே வைக்கப்பட்டுவிடுகின்றன.

இச்சட்டகத்தில் புதியது எதுவுமில்லை. அன் மக்காஃப்ரியின் ‘டிராகன்ஃபிளைட்’ 1968இல் வெளியானபோதே, வீரரும் டிராகனும் மனத்தால் பேசும் பிணைப்பும், டிராகன்களின் இணைவிழைவு அவற்றை ஊர்வோரையும் பற்றிக்கொள்ளும் நிலையும் நிலைபெற்றுவிட்டன. மாணவர் ஒருவரையொருவர் கொல்லும் பயிற்சிக்களம், 2008இல் தொடங்கிய ‘ஹங்கர் கேம்ஸ்’ வரிசைக்குப் பின்னர் எவருக்கும் புதிதன்று. மக்காஃப்ரியிடமிருந்து யாரோஸ் விலகும் இடம் ஒன்றுண்டு, அது கவனத்துக்குரியது. 1968இன் நாவலில் டிராகன்களின் வேட்கை மனிதரின் விருப்பத்தை அடித்துச்செல்கின்றது. அங்கு இசைவு என்ற வினா எழுப்பப்படுவதேயில்லை. 2023இன் வயலட்டும் தொடக்கத்தில் அவ்வெள்ளத்தில் தடுமாறுகின்றாள். ஆயினும் தன் மனத்தைச் சுற்றி அரண் எழுப்பி அவ்வுணர்வை வெளியே நிறுத்தக் கற்றுக்கொள்கின்றாள். ஸேடனை அவள் தெரிவுசெய்வது அந்த அரண் மூடியிருக்கும் நிலையிலேயே. வகைமை அரை நூற்றாண்டில் எங்கு வந்து சேர்ந்திருக்கின்றது என்பதை இந்த ஒரு மாற்றம் காட்டிவிடுகின்றது.

நாவலின் உண்மையான சாதனை வேறிடத்தில் உள்ளது. அதனைப் பெரும்பாலான மதிப்புரைகள் பேசுவதில்லை. மிகுபுனைவு எழுதுவோர் அனைவருக்கும் உள்ள தொல்லை, இல்லாத ஓர் உலகின் வரலாற்றையும் நிலவியலையும் வாசகருக்கு எவ்வாறு சொல்வது என்பது. ஃபாரா மெண்டில்சன் 2008இல் வெளியிட்ட ‘ரெட்டோரிக்ஸ் ஆஃப் ஃபேன்டசி’ என்னும் நூல் இத்தொல்லையின் அரசியலை விரிவாக ஆராய்கின்றது. தேடற்பயண மிகுபுனைவில் வழிகாட்டி சொல்லும் வரலாறு ஐயத்துக்கு இடமற்றதாக அமைகின்றது. தலைவியும் வாசகரும் அதனை ஏற்பதைத் தவிர வேறு வழியில்லை. யாரோஸ் இத்தொல்லையை எளிய ஓர் உத்தியால் கடக்கின்றார். வயலட்டுக்கு அச்சம் மேலிடும்போதெல்லாம் அவள் சுவடியர் தேர்வுக்காக மனனம் செய்த வரலாற்றுக் குறிப்புகளை வாய்விட்டு ஒப்புவிக்கின்றாள். கற்பாலத்தின் நடுவே, காற்று அலைக்கழிக்கையில், இரு நாடுகளுக்கும் இடையே நானூறு ஆண்டுகளாகப் போர் நடக்கின்றது என்பதையும், நவாரின் எல்லைகளை மந்திரக்காப்புகள் காக்கின்றன என்பதையும் வாசகர் அறிவது அவ்வாறே. பாடப்புத்தகச் செய்தி நடுங்கும் ஒரு பெண்ணின் மூச்சாகிவிடுகின்றது. அவள் விழுந்துவிடுவாளோ என்ற பதற்றத்தில் இருக்கும் வாசகர், சொல்லப்படும் செய்தி மெய்யா என்று நின்று கேட்பதில்லை.

கேட்டிருக்க வேண்டும் என்பதை நாவலின் இறுதிப்பகுதி உணர்த்துகின்றது. அவள் ஒப்புவித்த வரலாறு அரசு திருத்தி எழுதிய வரலாறு. எல்லைக்கு அப்பால் நிலத்தின் ஆற்றலை உறிஞ்சி அழிக்கும் வெனின் என்போர் ஊர்களைப் பாழாக்குகின்றனர். காப்புகளுக்குள் பாதுகாப்பாக இருக்கும் நவாரின் தலைமை அதனை அறிந்தும் மறைக்கின்றது. பகைநாட்டவர் எனச் சொல்லப்பட்டவர்களோ உயிர்பிழைக்கப் போராடுகின்றவர்கள். வெனினைப் பற்றி வயலட் முன்பே அறிவாள். ஆனால் அவள் அறிந்தது பாடப்புத்தகத்தில் அன்று, சிறுவயதில் தந்தை படித்துக்காட்டிய பழங்கதை நூலில். மனனம் செய்த வரலாறு பொய்யாகவும் உறங்கப்போகுமுன் கேட்ட கதை மெய்யாகவும் மாறும் இத்திருப்பம், அவளோடு சேர்ந்து வாசகரையும் குற்றக்கூண்டில் நிறுத்துகின்றது. மெண்டில்சன் சுட்டும் அந்த ஐயமற்ற வரலாற்றுக் குரலையே யாரோஸ் கண்ணியாக வைத்திருக்கின்றார். யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிக்கப்பட்டதை அறிந்த வாசகருக்கு, எது சுவடிக்கூடத்தில் வைக்கப்படுகின்றது, எது அகற்றப்படுகின்றது என்ற வினா வெறும் கதைத்திருப்பமாகத் தோன்றாது.

அறிவே ஆயுதம் என்னும் இக்கருத்து கதைத்தலைவியின் உடலோடும் இணைக்கப்பட்டிருப்பது நாவலின் இரண்டாவது வலிமை. வயலட்டின் மூட்டுகள் எளிதில் நழுவுகின்றன. எலும்புகள் விரைவில் முறிகின்றன. நோயின் பெயர் நாவலில் வருவதில்லை. தமக்குள்ள எலர்ஸ்–டான்லோஸ் என்னும் இணைப்புத்திசுக் குறைபாட்டையே அவளுக்கும் அளித்ததாக யாரோஸ் வெளிப்படையாகக் கூறியுள்ளார். மிகுபுனைவில் இத்தகைய உடல் வழக்கமாக மந்திரத்தால் குணமாகிவிடும். இங்கு ஆகவில்லை. தினமும் காலையில் மூட்டுகளைக் கட்டுத்துணியால் இறுக்கிக்கொண்டே அவள் களம் இறங்குகின்றாள். எந்த நாளில் எவரோடு மோத நேரும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொண்டு, எதிராளியை மட்டுப்படுத்தும் சிறு நஞ்சுகளை உணவில் கலக்கின்றாள். தமக்கை மீரா தந்த வழுக்காத காலணிகளில் ஒன்றை, பாலத்தில் ஏறுமுன் வரிசையில் நிற்கும் முன்பின் அறியாத ரியானனுக்குக் கழற்றிக் கொடுக்கின்றாள். இருவரும் சோடி மாறிய காலணிகளோடு பாலத்தைக் கடக்கின்றனர். வலிமையற்றவள் தன் பாதுகாப்பில் பாதியைப் பங்கிடும் இச்சிறு நிகழ்ச்சி, பின்னால் வரும் மின்னல் வீச்சுகள் அனைத்தையும்விட அவளை வாசகருக்கு நெருக்கமாக்குகின்றது. இராட்சத டிராகனாகிய டேர்ன் பின்னர் அவளைத் தேர்ந்துகொள்ளும்போது அத்தேர்வு நம்பத்தக்கதாவது, இப்படிப்பட்ட காட்சிகள் முன்னரே அமைந்திருப்பதனால்தான்.

டேர்னுக்கும் வயலட்டுக்கும் உள்ள உறவை அகமரபின் சொல்லொன்றைக் கொண்டு விளக்குவது எளிது. தலைவியின் உள்ளத்தை அவளுக்கு முன்பே அறிந்து, கடிந்தும் கேலிசெய்தும், தலைவனை அளந்து பார்த்தும், கூட்டத்துக்கு வழிசெய்தும் மறித்தும் நிற்கும் பாத்திரத்துக்கு அகமரபு தோழி என்று பெயர் வைத்திருக்கின்றது. டேர்ன் செய்வது ஏறத்தாழ அதுவே. அவன் ஆண், பெருவலியன், கடுஞ்சொல்லன்; ஆயினும் கதையில் அவன் வகிக்கும் இடம் தோழியின் இடம். டேர்னின் துணையாகிய ஸ்கேல், ஸேடனின் டிராகன். எனவே இரு டிராகன்களும் நெடுநாள் பிரிந்திருக்க இயலாது என்ற விதியே காதலரை ஓரிடத்தில் நிறுத்துகின்றது. ஜேனிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ‘ரீடிங் தி ரொமான்ஸ்’ என்னும் ஆய்வில், காதற்கதை வாசிக்கும் பெண்கள் அவ்வாசிப்பைத் தமக்கெனத் தாமே ஒதுக்கிக்கொண்ட நேரமாகக் கருதினர் என்பதை எடுத்துரைத்தார். வீட்டில் அனைவரையும் கவனிப்பவளை எவர் கவனிப்பர் என்ற வினா அதன் அடியில் இருந்தது. சொல்லாமலே தன்னை அறிந்த ஓர் உயிர், தன் சாவோடு தானும் சாகக்கூடிய அளவுக்குப் பிணைந்த ஓர் உயிர் வேண்டும் என்ற விழைவை, காதலனைவிட டிராகனே நிறைவு செய்கின்றது. இந்நாவலை விரும்பிய வாசகர் பலர் ஸேடனைப் பற்றிப் பேசும் அளவுக்கு டேர்னைப் பற்றியும் பேசுவது வியப்பன்று.

குறைகளுக்கு வருவோம். மொழிநடை பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. தன்மை ஒருமையில், நிகழ்காலத்தில், இன்றைய அமெரிக்கக் கல்லூரி விடுதியின் பேச்சில் கதை நகர்கின்றது. தாடை இறுகுவதும் மூச்சு நிற்பதும் இதயம் தடம்மாறுவதும் பக்கந்தோறும் நிகழ்கின்றன. காதற்காட்சிகளில் அறையின் மரச்சாமான்கள் நொறுங்குகின்றன. அது நகைச்சுவையாகக் கருதப்பட்டதா என்பது தெளிவில்லை. மந்திரத்தின் விதிகளும் தேவைக்கேற்ப வளைகின்றன: வயலட்டுக்கு மட்டும் இரண்டு டிராகன்கள், இக்கட்டான கணத்தில் காலத்தையே நிறுத்தும் ஆற்றல். இவை வெகுசனப் புனைவில் மன்னிக்கத்தக்கன. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தபோது அதிகாரத்தின் இறுதியில் வாசகரைத் தொங்கவிட்ட உத்திகளை ஏற்றுக்கொண்ட மரபு, யாரோஸின் அதிகார முடிவுகளைக் குறைகூற முன்வருதல் பொருந்தாது.

மன்னிக்க இயலாதது, நாவல் தானே எழுப்பிய வினாவைக் கைவிடுவது. நூலின் முகப்பில் ஒரு குறிப்பு உள்ளது. இந்நூல் நவார் மொழியிலிருந்து இக்கால மொழிக்கு ஜெசினியா என்னும் சுவடியரால் பெயர்த்து எழுதப்பட்டது என்றும், வீழ்ந்தோரின் துணிவைப் போற்றும் வகையில் பெயர்கள் மாற்றாமல் பேணப்பட்டன என்றும் அக்குறிப்பு தெரிவிக்கின்றது. ஜெசினியா கதையில் வரும் பாத்திரம், செவிப்புலனற்றவள், வயலட் அவளோடு சைகைமொழியில் உரையாடுகின்றாள். அதாவது, திருத்தப்பட்ட வரலாற்றுக்கு எதிராகச் சுவடிக்கூடத்தின் உள்ளிருந்தே ஒரு பெண் எழுதிவைத்த மாற்று வரலாறு என்ற கட்டமைப்பு முதற்பக்கத்திலேயே வாக்களிக்கப்படுகின்றது. அதிகாரங்களின் தலைப்பில் வரும் கடிதப் பகுதிகளும் விதிநூற் பகுதிகளும் அவ்வாக்கை நினைவூட்டுகின்றன. ஆனால் உள்ளே நடப்பது வேறு. நிகழ்காலத்தில் ஓடும் அந்தரங்க மனவோட்டத்தைச் சுவடியர் எங்கிருந்து பெயர்த்தெழுதினார்? படுக்கையறை உட்பட அனைத்தும் எந்தச் சுவடியில் பதிவாகியிருந்தன? இறுதி அதிகாரம் திடீரென ஸேடனின் குரலுக்கு மாறும்போது அது எவருடைய ஆவணம்? முதல் நூலுக்குள் இவ்வினாக்களுக்கு விடையில்லை. வினா உண்டு என்ற உணர்வும் இல்லை. சுவடி இங்கு அட்டைப்பட அலங்காரத்தைப் போன்றே கையாளப்படுகின்றது. முதற்பதிப்பின் தாள்விளிம்புகளில் கறுப்பு வண்ணம் பூசி டிராகன்களைப் பொறித்த பதிப்புக்கலையோடு அது நன்கு பொருந்துகின்றது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வீழ்ந்தோரின் பெயர் பற்றிய வாக்குறுதி இதனினும் பெரிய சிக்கலை வெளிப்படுத்துகின்றது. ஒவ்வொரு காலையும் மாணவர் அணிவகுத்து நிற்க, முந்தைய நாள் இறந்தோரின் பட்டியல் உரக்க வாசிக்கப்படுகின்றது. தொடக்கத்தில் இது நடுக்கம் தரும் சடங்கு. நூறு பக்கங்களுக்குள் அது மணியோசையாகிவிடுகின்றது. பெயர்கள் வருகின்றன, பெயருக்குரியவர் எவர், எந்த ஊர், எவருக்குப் பிள்ளை என்பது வருவதில்லை. செங்கம் பகுதி நடுகற்கள் வீழ்ந்தவனின் பெயரோடு அவன் எந்த ஊரில் எதற்காக வீழ்ந்தான் என்பதையும் கல்லில் நிறுத்துகின்றன. கால்நடையை மீட்டு இறந்தவனுக்கும் அந்த மதிப்பு உண்டு. புறமரபின் கண்கொண்டு நோக்கினால், பாஸ்கையத்தின் பட்டியல் நினைவுகூரும் வடிவமன்று, நினைவை விரைவாக முடித்துவைக்கும் வடிவம். இதனை அரசின் கொடுமையாக நாவல் காட்டியிருந்தால் அது கூர்மையான விமர்சனமாகியிருக்கும். நாவலோ அக்கல்லூரியின் கொலைவிதிகளைப் பரபரப்புக்காகப் பயன்படுத்திக்கொண்டு, அதே விதிகளை வென்ற பெருமிதத்தையும் தலைவிக்கு அளிக்கின்றது. நானூறு ஆண்டுகளாகப் போரிடும் ஒரு படை, தன் இளைஞரைப் பயிற்சியிலேயே கொன்று குவிப்பது எதற்கு என்ற கேள்விக்கு வலிமையற்றவர் களையப்பட வேண்டும் என்ற விடையே கல்லூரியில் வழங்குகின்றது. அவ்விடையின்படி முதலில் களையப்பட்டிருக்க வேண்டியவள் வயலட். அவள் பிழைத்திருப்பது அக்கோட்பாட்டை உடைக்கின்றது என்பதை நாவல் ஒருபோதும் உரக்கச் சொல்வதில்லை.

விதிவிலக்காக நிற்பது லியமின் சாவு. ஓய்வுநேரத்தில் மரத்தைச் செதுக்கிச் சிறு உருக்கள் செய்யும் இளைஞன் அவன். வயலட்டைக் காவல்காக்க நியமிக்கப்பட்டு மெல்ல நண்பனாகின்றவன். ரெசன் என்ற ஊரில் நடக்கும் போரில் அவனது டிராகன் முதலில் வீழ்கின்றது. டிராகன் இறந்தால் வீரனும் இறப்பான் என்ற விதியை வாசகர் முந்நூறு பக்கங்களுக்கு முன்பே அறிவார். அடுத்த சில கணங்களில் எவரும் எதுவும் செய்ய இயலாது என்ற அறிவோடு அக்காட்சி எழுதப்பட்டிருக்கின்றது. யாரோஸால் முடியும் என்பதற்கு அது சான்று. மற்றவர்களுக்கு அவர் அதைச் செய்யாதது திறமைக் குறைவினால் அன்று என்பதற்கும் அதுவே சான்று.

லியமும் ஸேடனும் கிளர்ச்சியாளரின் பிள்ளைகள். அவர்கள் நூற்றேழு பேர். பெற்றோர் கொல்லப்படுவதைக் காணுமாறு நிறுத்தப்பட்டவர்கள். அன்றே டிராகனின் மந்திரத்தால் தோலில் அழியாத கிளர்ச்சிக்குறி பதிக்கப்பட்டவர்கள். பிறர் வீடுகளில் வளர்க்கப்பட்டு, பெற்றோரைக் கொன்ற அரசின் படையிலேயே சேரக் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள். அவர்களுடைய தலைநகரமாகிய அரேஷியா எரிக்கப்பட்டது. தோற்ற ஒரு மக்களின் பிள்ளைகள் வென்றவரின் கல்லூரியில் எவ்வாறு நடக்கின்றனர், எந்த மொழியில் தங்களுக்குள் பேசுகின்றனர், இரவில் எதை நினைவுகூர்கின்றனர் என்பவை ஒரு பெரிய நாவலுக்குரிய பொருள். யாரோஸ் அதன் வாசலில் நின்று கதவைத் திறந்து காட்டவும் செய்கின்றார். ஸேடனின் முதுகில் நூற்றேழு தழும்புகள் உள்ளன. அப்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தான் பொறுப்பேற்பதற்கு அவன் கொடுத்த விலை அது. அரசியற் பொறுப்பை உடலில் எழுதிய அருமையான படிமம் இது. ஆயினும் அத்தழும்புகளை வாசகர் காண்பது வயலட்டின் விரல்கள் அவற்றைத் தடவும் கோணத்திலேதான். ஒரு மாகாணத்தின் துயரம் ஒரு தலைவனின் கவர்ச்சியாகச் சுருங்கிவிடுகின்றது. நூற்றேழு பேரில் நூறு பேருக்கேனும் நாவலில் குரலில்லை. வயலட்டுக்கும் ஸேடனுக்கும் இடையே இறுதியில் வெடிக்கும் பூசலும், அவன் அரசியல் உண்மையைத் தன்னிடம் மறைத்தான் என்பதைப் பற்றியதே. மறைக்கப்பட்ட உண்மையினால் எல்லைக்கு அப்பால் எத்தனை ஊர்கள் அழிந்தன என்பது அப்பூசலில் இரண்டாமிடம் பெறுகின்றது. அகத்தை எழுதப் புறத்தைப் பின்னணியாக்குவது மரபுக்குப் புதிதன்று; பாசறையில் இருக்கும் தலைவனை நினைத்து வருந்தும் முல்லைத்தலைவியை எவரும் குறைகூறுவதில்லை. ஆனால் அங்கு போர் எவருடையது என்ற வினா எழுப்பப்படுவதில்லை. யாரோஸ் அதனை எழுப்பிவிட்டார்.

பெயர்களிலும் இதே போக்கு காணப்படுகின்றது. டேர்னின் முழுப்பெயர் ஸ்கொட்லாந்தின் காலிக் மொழியில் இடிமுழக்கம் என்று பொருள்படும் சொல். மீராவின் டிராகனாகிய டெய்ன், அம்மொழியில் நெருப்பு. கல்லூரியின் பெயரிலும் சாவையும் சிறகையும் குறிக்கும் காலிக் சொற்களின் சாயல் உள்ளது. 2023இன் இறுதியில், நேர்காணல் ஒன்றில் ஆசிரியர் இச்சொற்களை ஒலித்த விதத்தைக் கண்டு காலிக் பேசுவோர் பலர் வருந்தினர். தம் மொழி அலங்காரப் பொருளாக்கப்பட்டது என்று கூறினர். இது வெறும் உச்சரிப்புப் பூசலாக எடுத்துக்கொள்ளப்பட்டு விரைவில் மறக்கப்பட்டது. அம்மொழியின் நிலையை அறிந்தோர் அவ்வாறு மறப்பது கடினம். 1872ஆம் ஆண்டின் ஸ்கொட்லாந்துக் கல்விச் சட்டம் காலிக் மொழிக்கு வகுப்பறையில் இடமளிக்கவில்லை. 2022 குடிசன மதிப்பீட்டில் அம்மொழியில் ஏதேனும் ஒரு திறன் உடையோராகப் பதிவானோர் ஏறத்தாழ 130,000 பேர். நாவலின் மூன்றாம் நூல் ஒரு வாரத்தில் விற்ற படிகள் இத்தொகையின் இருபது மடங்கு. அப்பெருந்தொகையினர் இடிமுழக்கத்துக்குரிய காலிக் சொல்லை ஓர் அமெரிக்க டிராகனின் பெயராகவே அறிவர்.

சிறுமொழியிடமிருந்து பெருமொழிப் புனைவு பெயர் பெறுவது தவறு என்று கூற முடியாது. டோல்கியன் வெல்ஷ் மொழியின் ஒலியமைப்பைக் கற்று, அதன் சாயலில் ‘சிந்தரின்’ என்னும் புதுமொழியைப் படைத்தார். வெல்ஷ் சொற்களை எடுத்து விலங்குகளுக்குச் சூட்டவில்லை. ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இன் ‘டியூன்’ நாவலில் அரபுச் சொற்களை ஆண்டபோது, அச்சொற்களைப் பேசும் பாலைவன மக்களின் வரலாற்றையும் உடன்கொண்டுவர முயன்றார்; அதன் வெற்றி தோல்வி வேறு. யாரோஸின் உலகில் காலிக் சொற்களை எவரும் பேசுவதில்லை. அவை எந்த மக்களின் மொழி, ஏன் டிராகன்கள் மட்டும் அப்பெயர்களைத் தாங்குகின்றன, அம்மொழி பேசியோர் எங்கே போயினர் என்பன கேட்கப்படுவதில்லை. அரசு அழித்த கதைகளையும் எரித்த நகரத்தையும் பற்றிய ஒரு நாவல், கல்விச் சட்டத்தால் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு மொழியிலிருந்து பெயர்களை எடுத்துக்கொண்டு, அந்த மொழி எதுவென்று கதைக்குள் சொல்லாமல் விடுகின்றது. பழங்கதை நூல் காணாமற்போன அந்த வரலாற்றைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கும்போதே நாவலாசிரியர் இதைக் கவனிக்கத் தவறியிருப்பதுதான் வியப்பளிப்பது. வயலட் இதைக் கேட்டிருப்பாள். சொல்லின் மூலத்தைத் தேடிச் சுவடிக்கூடத்துக்குப் போகும் பெண்ணாகவே அவள் படைக்கப்பட்டிருக்கின்றாள்.

இந்நாவல் தமிழுக்கு வருமாயின், மொழிபெயர்ப்பாளர் முதலில் தீர்க்க வேண்டியது இச்சிக்கலையே. ‘டேர்ன்’ என்று இங்கு எழுதப்பட்டது ஆங்கில வாசகரின் நாவில் வழங்கும் ஒலி. காலிக் மொழியில் அச்சொல்லின் முதலெழுத்து ‘தா’ என்பதற்கு நெருக்கமானது. இறுதியில் வருவது ஆய்தத்தைப் போல் தொண்டையில் உரசும் ஒலி. ஆங்கில எழுத்துக்கு எட்டாத அவ்வொலியைத் தமிழ் எழுத்து ஓரளவேனும் எட்டக்கூடியது. ஆங்கிலத்தின் வழியே வந்த பெயரை ஏற்பதா, அதனைக் கடந்து மூலமொழியின் ஒலிக்குச் செல்வதா என்பதை அவர் முதற்பக்கத்திலேயே முடிவுசெய்ய வேண்டியிருக்கும். ஜெசினியாவின் பெயரால் அமைந்த அந்த மொழிபெயர்ப்புக் குறிப்புக்குக் கீழே, தம் பெயரில் இரண்டாவது குறிப்பொன்றைச் சேர்க்க அவருக்கு அங்கு இடமுண்டு.